இருபத்தெட்டு மீட்டர்

மார்ச் 3, திங்கள்

பிசியோதெரபி மேடம் ஜாஸ்மின் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மணிக்குச் சளி எடுத்தது, எப்போது புரட்டிப் படுக்கவைத்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். புது நோட்டு எதற்கு என்று இவருடைய புகார் நோட்டையே எடுத்துக்கொண்டேன். விளாத்திகுளத்தில் இவர் கேபிள் டி.வி. நடத்திய இருபத்து மூன்று வருஷமும், படம் வரவில்லை, புள்ளி புள்ளியாக வருகிறது என்று ஊர் சொன்ன குறையெல்லாம் இந்த மாதிரி நோட்டுகளில்தான் ஏறும். தேதி, வீடு, குறை, சரிசெய்த விவரம் என்று கட்டம் போட்டது. இதில் பாதிக்கு மேல் காலி. கடைசிப் புகார் போன அக்டோபர் 14.

அன்றைக்குத்தான் இவர் விழுந்தார். மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். இப்போது பரமகுரு என்கிற ஆளில் ஓடுவது கண்ணும் வலது கட்டைவிரலும்தான். கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. கஞ்சி மூக்குக் குழாயில் போகிறது. மூச்சு தொண்டையில் போட்ட குழாயில். அதில் சளி அடைத்தால் உடனே மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நாலைந்து நிமிஷம் தாமதித்தால் போச்சு. பார்த்துக்கொள்ள வந்த பெண் போன வாரம் நின்றுவிட்டாள். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. நான் கீழே தெருமுனையில் இ-சேவைக் கடையில் இருக்கிறேன். இவர் மாடியில்.

இன்று மேடம் ஒரு தகடு கொண்டுவந்தார். கட்டைவிரலுக்கு அடியில் வைத்தால், இவர் அழுத்தியதும் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். சாதாரணக் காலிங் பெல்லை அழுத்த விரலில் பலம் இல்லை. விரல் தானாகவும் துடிக்கிறது. துடிப்பு எது, அழைப்பு எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. யு.எஸ்.பி. ஒயரில் சொருக வேண்டும். கூட வந்த ஒயர் ஒன்றரை மீட்டர்.

"கம்ப்யூட்டரை மாடிக்குக் கொண்டுபோயிரலாமேக்கா?"

"கடைக்கு இருக்கது அது ஒண்ணுதான் மேடம். பட்டா, பென்ஷன்னு வர்ற சனம் மாடி ஏறுமா?"

"அப்ப சாரைக் கீழே கடைக்குப் பின்னால வச்சுக்கலாம்."

"ஏ.சி. மாடி ரூம்லதான் இருக்கு" என்றேன். அது உண்மைதான். கேபிள் மெஷின்கள் சூடாகக் கூடாது என்று இவர் வாங்கிப் போட்ட ஏ.சி.

டேப் பிடித்து அளந்தேன். கட்டிலிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து முற்றம், மோட்டார் சுவரைச் சுற்றிக் கடை. இருபத்தெட்டு மீட்டர்.

மார்ச் 4, செவ்வாய்

6:00 கஞ்சி. 6:40 சளி. 9:00 புரட்டியாயிற்று.

கோவில்பட்டி போய்ப் பத்து மீட்டர் ஒயர் மூன்று வாங்கி வந்தேன். நடுவில் பூஸ்டர் வைத்த ஒயர். யு.எஸ்.பி. வெறும் ஒயரில் ஐந்து மீட்டர்தான் ஓடுமாம், அதற்கு மேல் சிக்னல் செத்துவிடுமாம். கேபிள்காரன் பெண்டாட்டிக்கு இதையா சொல்லித்தர வேண்டும்? தூரம் போனால் பூஸ்டர் போடு. இந்த வீட்டில் அதைத்தானே இருபது வருஷமாகச் சோறோடு பிசைந்து தின்றோம்.

மூன்றையும் கோத்துச் சொருகினேன். கம்ப்யூட்டர் ஏறுகிற மாதிரி ஒரு ஓசை கொடுத்தது. தகடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மாடிக்கு ஓடிப்போய், "அமுக்குங்க" என்றேன். கீழே மணி அடித்தது. அழுதுவிட்டேன். அவர் பார்க்குமுன் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று ஏழு முறை அறுந்தது. அறுந்தால் கம்ப்யூட்டர் இறங்குகிற ஓசை ஒன்று கொடுக்கும். ஒவ்வொரு முறையும் கடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினேன். நல்லவேளை, ஏழு முறையும் அவர் சும்மாதான் படுத்திருந்தார்.

தூரத்துக்குப் போகப் போக மின்சாரம் தேய்கிறது. ஐந்து வோல்ட் கிளம்பினால் கட்டில் பக்கம் நாலே சொச்சம். இவருடைய மீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்னொரு பூஸ்டர் வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தாவது பூஸ்டரும் போட்டாயிற்று. இப்போது தகடே தெரியவில்லை. "சாதனம் அடையாளம் காணப்படவில்லை." அதோடு ஒரு மஞ்சள் முக்கோணம். அதைப் பார்த்தாலே செருப்பைக் கழற்றி அடிக்கலாம் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கடை லீவு. பூஸ்டரில் இரண்டைக் கழற்றிவிட்டு, கட்டிலருகே தனிக் கரண்டு வாங்குகிற ஹப் ஒன்றை வைத்தேன். அதையும் இன்வெர்ட்டரில் கொடுத்தேன். மூன்று மணி நேரம் அறுபடவில்லை. பிறகு தண்ணீருக்கு மோட்டார் போட்டேன். இறங்குகிற ஓசை.

மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியதுதான் தப்பு. நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன், போட்டேன். ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கிறது. தண்ணீர் இல்லாததால் இன்று குளிக்கவில்லை.

வைஃபை கேமராவையும் பார்த்தாயிற்று. பின்கட்டுக் கருங்கல் சுவரைத் தாண்டவில்லை. படம் உறைந்து நிற்கிறது. அரை மணி நேரத்துக்கு முந்தைய இவர் முகத்தை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரவு வழக்கம்போல அறைக்கு வெளியே பாய். ஏ.சி. குளிர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 12, புதன்

இன்று ஓசையே வராமல் செத்துவிட்டது. அரை மணி நேரம் விரல் அசையவில்லை என்றால், கரண்டை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டரே ஒயர் சொருகிய துளையைத் தூங்கவைத்துவிடுமாம். நான் கேட்டேனா மிச்சம் பிடிக்கச் சொல்லி? தூங்கவிடு என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். எத்தனை மணி நேரம் தூங்கியதோ தெரியவில்லை. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டாரா என்று கேட்கப் போனேன். அறை வாசல்வரை போய்விட்டு, கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அறுந்தது: பதினான்கு முறை.

மார்ச் 15, சனி

முடியவில்லை. ஞானதுரைக்குப் போன் போட்டேன். இவரிடம் பதினைந்து வருஷம் லைன்மேனாக இருந்தவர், இப்போது ஒரு இன்டர்நெட் கம்பெனிக்கு ஒயர் இழுக்கிறார். முற்றத்தில் தொங்கிய என் கைவேலையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மதினி, இது ஒயரா, பூச்சரமா? எத்தனை ஜாயிண்டு போட்டிருக்கீக. அண்ணன் எந்திரிச்சா முதல்ல என்னைத்தான் அடிப்பாரு."

"அவர்தானே தூரத்துக்குப் பூஸ்டர் போடச் சொல்லுவாரு?"

"ஒண்ணு சொல்லுவாரு, கூடவே இன்னொண்ணும் சொல்லுவாருல்லா? பூஸ்டர் படத்தை மட்டும் பெருக்காது, இரைச்சலையும் சேத்துப் பெருக்கும், அதனால ஜாயிண்டைக் குறைலேன்னு. அதிலயும் யு.எஸ்.பி.யில, கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கதையும் சேத்து, அஞ்சு பூஸ்டருக்கு மேல சிக்னல் ஏறவே ஏறாது மதினி. இது டி.வி. ஒயர் இல்ல."

பாதியைத்தான் நான் கேட்டு வைத்திருக்கிறேன் போல.

ஞானதுரை மாடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஞானதுரை கட்டிலிலேயே உட்கார்ந்து, இவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அண்ணே, ரெண்டு பக்கமும் பெட்டி வச்சு நடுவுல நெட் ஒயர் இழுக்கேன். ஜாயிண்டே இல்லாம ஒரே இழுப்பு. சரியா?" கண் ஒருமுறை மூடித் திறந்தது. "மோட்டார் ஒயரை விட்டு ஓரடி தள்ளிப் போதுமா?" இரண்டு முறை. "ரெண்டடி?" ஒருமுறை. "கிழக்குச் சுவர் வழியாவா?" ஒருமுறை. இருவரும் கால் மணி நேரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

இரண்டு வாரமாக ஒயரோடு மல்லுக்கட்டுகிறேன், இந்த வீட்டிலேயே கேபிள் தெரிந்த ஆள் ஒருவர் படுத்திருக்கிறார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒரே இழுப்பில் ஒயர் போட்டாயிற்று. கட்டில் பக்கப் பெட்டிக்குத் தனிக் கரண்டு. மோட்டாரைப் பத்து முறை போட்டு நிறுத்திப் பார்த்தோம். மெயினை அணைத்துப் பார்த்தோம். ஞானதுரை ஒயரைப் பிடித்து உலுக்கியும் பார்த்தார். அசையவில்லை. அவருக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டேன். இந்த வீட்டில் ஐந்து மாதம் கழித்து மீன்.

மார்ச் 20, வியாழன்

நான்கு நாள். ஒருமுறைகூட அறுபடவில்லை. மேலே ஓட வேண்டிய அவசியமே இல்லை. கஞ்சிக்கும் சளிக்கும் புரட்டவும் போனால் போதும். கடையில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்த்தேன். பதினொரு பேருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றினேன்.

மார்ச் 22, சனி

மணி அடித்தது, ஓடினேன். சளியா? இல்லை. மூத்திரப் பையா? இல்லை. புரட்டணுமா? இல்லை. குளிருதா? இல்லை. பிறகு எதற்கு? கண்ணை மூடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே ஆள் காத்திருந்ததால் இறங்கிவிட்டேன்.

நாற்காலியில் உட்காருமுன் மறுபடி மணி.

மார்ச் 24, திங்கள்

இன்று பத்தொன்பது முறை. அதில் சளி இரண்டு. மற்றதெல்லாம் வெறும் அழைப்பு. மாடிப்படி பதினாறு. ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போய்விட்டது. கடைக்கு வந்த ஒருவர் எழுந்து போயேவிட்டார். ஞானதுரையிடம் சொன்னேன். "லைன் சுத்தமா இருக்கு மதினி. அண்ணன்தான் கூப்பிடுதாரு" என்றார். அவருக்கு என்ன தெரியும்? விரல் துடிப்பைத் தகடு அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வேறென்ன இருக்க முடியும்.

மார்ச் 26, புதன்

தகட்டோடு வந்த நிரலில் ஒரு இடம் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினால் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே கூட்டலாம், குறைக்கலாம். மூன்றில் இருந்ததை ஐந்தாக்கினேன். மேலே போய் அமுக்கச் சொன்னேன், அடித்தது. மத்தியானம் எட்டாக்கினேன். மறுபடி மேலே போய்ச் சோதிக்கவில்லை. இன்று மொத்தம் நாலே அழைப்பு. நாலும் சளி.

தொந்தரவு தீர்ந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை கூட்டம். பதினொன்றே கால் வாக்கில் கரிமூட்டம் போடுகிற சுடலைமுத்து ஐயா பென்ஷனுக்காக உயிரோடிருக்கும் சான்று எடுக்க வந்திருந்தார். ரேகை மெஷினில் விரல் வைத்தார், பதியவில்லை. இன்னொரு விரல், அதுவும் பதியவில்லை. கரியில் தேய்ந்த விரல். துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி வைத்தார். ஆறு முறை. எனக்குக் கோபம். "நல்லா அமுக்குங்கய்யா, சும்மா தொட்டாப் பதியுமா?" என்று அதட்டினேன்.

"நான் அமுக்கத்தான் செய்யுதேன் தாயி" என்றார் அவர். "மிஷினுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையிலிருந்து மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினாறு படியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. உதடு நீலம். கண் மேலே சொருகியிருந்தது. நெஞ்சு ஏறுகிறது, காற்று இல்லை. மெஷின் குழாயை உள்ளே விட்டேன், முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறை கட்டியாக வந்தது. மூன்றாம் முறை அவரே இழுத்தார் மூச்சு. அந்தச் சத்தம். அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டைவிரல் அப்போதும் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

சுடலைமுத்து ஐயா மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து, "என்ன தாயி, ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து பார்த்தார். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்ததால்தான் உயிர் தங்கியது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஜாக்கிரதை என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 29, சனி

கடை திறக்கவில்லை.

தகடு உணர்ந்து, நிரல் தள்ளிவிட்ட அழுத்தங்களும் கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. இன்றுதான் திறந்து பார்த்தேன். நேற்று 11:21 முதல் 11:33 வரை பதினொரு முறை. வலு நாலு, ஐந்து, நாலு, நாலு, மூன்று, மூன்று, மூன்று. கடைசி நாலும் இரண்டு. இருபத்தெட்டு மீட்டரும் தாண்டி, ஒன்று விடாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒயரில் ஒரு குறையும் இல்லை.

முந்தைய நாள்களையும் பார்த்தேன். வெறும் அழைப்பு என்று நான் தள்ளியவை. நான் அறையை விட்டு இறங்கிய இரண்டாவது, மூன்றாவது நிமிஷத்தில் வந்தவைதான் முக்கால்வாசி. ஒயர் அறுந்துகொண்டே இருந்த நாள்களில் அழைப்பு அபூர்வம். அப்போது நான் நாளைக்குப் பத்து முறை மேலே ஓடிக்கொண்டிருந்தேனே.

அக்டோபர் 14-ஐயும் எழுத வேண்டும். இந்த நோட்டில்தான் எழுத வேண்டும்.

அன்று காலை சண்டை. இணைப்பு நாற்பது வீட்டுக்குச் சுருங்கிய பிறகும் கேபிளை விடமாட்டேன் என்றார். "இனிமே உங்க ஒயர்ல காக்காதான் உக்காரும்" என்றேன். அவர் மாடிக்கு, அந்த மெஷின் அறைக்குப் போய்விட்டார். பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. அவர் பெயர். சமாதானம் பேசக் கூப்பிடுகிறார், கிடக்கட்டும் என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். சைலண்டில் போட்டிருந்தேன் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னேன், ஞானதுரையிடம் சொன்னேன், எல்லாரிடமும் சொன்னேன். சைலண்டில் இல்லை. மூன்று முறை அடித்தது. மூன்றையும் கேட்டேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு அழைக்கப் போனபோது, இப்போது கட்டில் கிடக்கிற அதே இடத்தில் கிடந்தார். போன் கையில் இருந்தது.

அந்த அறைக்குள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்னால் நிற்க முடிந்ததில்லை. ஏ.சி. குளிர் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மூன்று. நேற்றுப் பதினொன்று.

மார்ச் 30, ஞாயிறு

ஞானதுரை மூன்று ஆட்களோடு வந்தார். கட்டிலை முதலில் இறக்கினார்கள், பிறகு இவரை. கடையின் பின்பாதியில், என் மேசைக்கு நேர் பின்னால் போட்டாயிற்று. ஏ.சி.யைக் கழற்றி மாட்ட ஆள் வரும்வரை இரண்டு டேபிள் ஃபேன். வேர்க்கிறது அவருக்கு, துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

"லைனைக் கழத்திரட்டா மதினி? நல்ல லைனாச்சே" என்றார் ஞானதுரை. அவருக்கு மனசு வரவில்லை.

"கழத்திருங்க" என்றேன்.

தகட்டோடு வந்த பழைய ஒயரைத் தேடினேன். பிரிக்காத கவருக்குள் கிடந்தது. ஒன்றரை மீட்டர். கம்ப்யூட்டரில் சொருகிய பிறகும் கொஞ்சம் தொங்கியது. எட்டில் இருந்ததை இரண்டாக்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

5:30 கஞ்சி. 6:15 சளி. 8:00 புரட்டியாயிற்று. காய்ச்சல் 100. டாக்டர் மாத்திரை மாற்றியிருக்கிறார். நெஞ்சுச் சளி இன்னும் குறையவில்லை. நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் தயங்கினார்கள். இப்போது, "என்ன பரமு, எங்க வீட்டுல படம் வரலையே" என்று இவரிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் திரும்புகிறார்கள். சுடலைமுத்து ஐயா மறுபடி வந்தார். இன்று ஒன்பதாவது முயற்சியில் அவர் உயிரோடிருப்பதை மெஷின் ஒப்புக்கொண்டது.

அந்த நேரத்தில் மணி அடித்தது. எழுந்திருக்க வேண்டியதில்லை, திரும்பினால் போதும்.

"சளியா?" இல்லை. "பையா?" இல்லை. "புரட்டணுமா?" இல்லை. "வேர்க்குதா?" இல்லை. என் பட்டியல் அவ்வளவுதான். கண் என்மேலேயே இருந்தது. ஐந்து மாதமாக அந்தப் பார்வைக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன். இன்று பார்த்தேன். சுடலைமுத்து ஐயா காதில் விழட்டும் என்றே கேட்டேன்.

"அன்னைக்குப் போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சுங்க. மூணு தடவையும் கேட்டுச்சு. எடுக்கலை. எம்மேல கோவமா இருக்கீகளா?"

கண் ஒருமுறை மூடித் திறந்தது. ஆமாம்.

"ரொம்பவா?"

ஆமாம்.

ஐயா காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் கையைக் காட்டிவிட்டு, நாற்காலியைக் கட்டில் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.